மறுமொழி: குழு ஒற்றுமையா, குழுப்பிடிப்பா?

அன்புள்ள நண்பர்களே,

ஒரு குழுவின் உறுப்பினர்கள் அதோடு ஒட்டியிருப்பதைக் குறிக்கும் "group cohesion" என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் "குழு ஒற்றுமை" போதும் என்கிறார் நம் விவாதத்தில் ஐயா. எனக்குத் தயக்கம். ஒற்றுமை என்பது நம் வாயில் எப்போதும் பாராட்டு. இந்தக் கருத்தோ நல்லதற்கும் கெட்டதற்கும் பொது. 1954இல் ஆய்வாளர் சீஷோர் ஓர் இயந்திரத் தொழிற்சாலையின் 228 பணிக்குழுக்களைப் பற்றி எழுதினார். நெருக்கமான குழுக்களுக்குள் ஆளுக்கு ஆள் உற்பத்தி அதிகம் வேறுபடவில்லை. ஆனால் நிறுவனத்தை நம்பிய குழுக்கள் சேர்ந்து உற்பத்தியைக் கூட்டின, நம்பாதவை சேர்ந்து குறைத்தன. குறைத்ததையும் ஒற்றுமை என்றால் எந்த மேலாளர் ஒப்புக்கொள்வார்?

cohesionக்கு இயற்பியலில் வழங்கும் "ஓரினக் கவர்ச்சி" (ஒரே பொருளின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்ப்பது) வேண்டவே வேண்டாம். பல இனத்தவர் சேர்ந்து வாழும் நம் மொரீசியசில் அதை அலுவலகச் சுவரில் ஒட்டினால் சண்டைதான் வரும்!

என் பரிந்துரை, குழுப்பிடிப்பு. "அந்த வேலையில் பிடிப்பே இல்லை" என்று சொல்கிறோமே, அதே பிடிப்பு. 1950இல் உளவியலாளர் ஃபெஸ்டிங்கரும் உடன் ஆய்வாளர்களும் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: உறுப்பினரைக் குழுவிலேயே இருக்கவைக்கும் விசைகள் அனைத்தும்.

இதைக் குழுப்பண்பாட்டோடு, அதாவது குழுவில் ஊறிப்போன பழக்கவழக்கத்தோடு, குழப்பிக்கொள்ளக் கூடாது. இங்கே எபென் பகுதியில் பிரான்சு வாடிக்கையாளர்களுக்கான ஒரு கால் சென்டரை எடுத்துக்கொள்ளுங்கள். தைப்பூசக் காவடி நமக்குப் பொது விடுமுறை, அவர்களுக்கு வேலைநாள். தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கும். தமிழர்கள் கோயிலுக்குப் போக, சீனக் குடும்பத்துப் பெண்ணும் முஸ்லிம் நண்பரும் ஷிஃப்ட் பார்ப்பார்கள். சீனர்களின் வசந்த விழாவுக்கும் ஈதுக்கும் தமிழர்கள் ஷிஃப்ட் பார்ப்பார்கள். எங்கும் எழுதிவைக்கவில்லை, புதிதாகச் சேர்பவர் பார்த்தே கற்றுக்கொள்வார். பழைய ஆட்கள் எல்லோரும் போனாலும் நடக்கும். அது பண்பாடு. பக்கத்துக் கட்டடத்தில் கூடுதல் சம்பளத்துக்குக் கூப்பிட்டும் ஒருவர் நகராமல் இருக்கிறாரே, அது பிடிப்பு. அவர் போனால் அவருடைய பிடிப்பும் போய்விடும். ஆனால் முன்னது பின்னதை வளர்க்கும்: நம் பண்டிகையன்று நமக்காக உட்கார்ந்தவரை விட்டுப் போக அவ்வளவு எளிதில் மனம் வராது.

அப்புறம், கிளைச்சொற்களும் சுலபமாக வருகின்றன. ஆய்வாளர் கேரன் இதை வேலையின் மீதான பிடிப்பு, சக உறுப்பினர் மீதான பிடிப்பு என இரண்டாகப் பிரித்தார்; அவற்றைப் பணிப்பிடிப்பு, உறவுப்பிடிப்பு எனலாம். "பிடிப்பு தளர்ந்த குழு" என்றால் விளக்கமே தேவையில்லை. "ஒருங்கிணைப்பு" ஏற்கெனவே ஒருங்கிணைப்பாளர் கையில் இருக்கிறது, அதை விட்டுவிடலாம்.

தசைப்பிடிப்பு நினைவுக்கு வருகிறது என்று அக்கா சொல்லக்கூடும். வரட்டும், "குழு" முன்னால் நிற்கும்போது குழப்பம் வராது. "குழுப்பிணைப்பு" என்போருக்கு ஒரு கேள்வி: "எனக்கு இந்தக் குழுவில் பிணைப்பு இல்லை" என்று யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா?