துரையப்பா விளையாட்டரங்கைப் பற்றி வேட்பாளர்களிடம் கேட்டது

படலைக்கு வந்த வேட்பாளர்களிடம் என்ன கேட்டோம், அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை நண்பர்கள் பலர் எழுதி வருகிறார்கள். குப்பை, குடிநீர், வீதி விளக்கு ஆகியவற்றைப் பற்றி நிறையவே வந்துவிட்டது. 2025ஆம் ஆண்டு மே 6ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன் என் வீட்டுக்கு வந்த எல்லோரிடமும் நான் கேட்டது ஒரு கேள்விதான். யாழ்ப்பாணத்துத் துரையப்பா விளையாட்டரங்கை அடுத்த நான்கு ஆண்டுகளில் என்ன செய்யப் போகிறீர்கள்? உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால், வேறு எதைக் கேட்டாலும் பதில் சரியா பிழையா என்று எனக்குத் தெரியாமற் போகலாம். மைதானத்தைப் பற்றி ஒருவர் பேசும்போது அவர் அங்கே கால் வைத்திருக்கிறாரா இல்லையா என்பது இரண்டு வசனத்துக்குள் தெரிந்துவிடும்.

இந்த மைதானத்தை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பண்ணைக் கடல்நீரேரிக்கும் பொது நூலகத்துக்கும் அருகே, கோட்டையை ஒட்டிய வெளியில் இருக்கும் இந்த அரங்கு யாழ்ப்பாண மாநகர சபைக்குச் சொந்தமானது. 1975 ஜூலை 27ஆம் திகதி பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோவிலடியில் சுட்டுக் கொல்லப்பட்ட மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பாவின் பெயரைத் தாங்கி நிற்பது. போர் இதையும் விட்டுவைக்கவில்லை. 1999இல் இங்கே வேலை நடந்தபோது மண்ணுக்குள்ளிருந்து மனித எலும்புகள் வெளிவந்ததை நகரத்தில் வயது வந்தவர்கள் எவரும் மறக்கவில்லை. 1997இலிருந்து பயன்பாடின்றிக் கிடந்த அரங்கை இந்திய அரசு ஏறத்தாழ 7 கோடி இந்திய ரூபாய் செலவில் புதுப்பித்துக் கொடுத்தது. 2016 ஜூன் 18ஆம் திகதி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன மைதானத்தில் நிற்க, பிரதமர் மோடி டில்லியிலிருந்து காணொளி வழியாக அதைத் திறந்து வைத்தார். அன்று பெருந்தொகையான மாணவர்கள் அங்கே யோகாசனம் செய்தார்கள். அந்தப் புதுப்பிப்புக்கு இப்போது ஏறக்குறைய பத்து வயது. உப்புக் காற்று இரவு பகலாக வீசும் இடத்தில் இரும்புக் கைபிடிக்குப் பத்து வருடம் என்பது நீண்ட காலம். வர்ணத்தை நகத்தால் சுரண்டினால் அடியில் துரு தூளாக உதிர்கிறது. அது எவருடைய குற்றமும் அல்ல, கடற்கரை ஊரில் எல்லா இரும்புக்கும் நேர்வது. அதைச் சுரண்டி, அடிப்பூச்சுப் பூசி, மறுபடி வர்ணம் அடிக்க ஆண்டுதோறும் யார் காசு ஒதுக்குவது என்பதுதான் என் கேள்வியின் உள்ளடக்கம்.

முதலில் வந்தவர் என்னுடைய பழைய மாணவர். குண்டு போடுதல் விளையாட்டில் மாவட்ட மட்டம் வரை போனவர், ஆகவே அவரிடம் எனக்கு எதிர்பார்ப்பு கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. கையில் துண்டுப்பிரசுரக் கட்டு, பின்னால் மோட்டார் சைக்கிளில் பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள். நான் கேட்டு முடிப்பதற்குள், யாழ்ப்பாணத்துக்குச் சர்வதேச கிரிக்கெட் மைதானம் வரப்போகிறது என்றார். அது தேர்தல் சூடு பிடித்திருந்த ஏப்ரல் மாதம். கொழும்புக்கு வந்திருந்த மோடியை 1996இல் கிரிக்கெட் உலகக் கிண்ணம் வென்ற இலங்கை அணியினர் சந்தித்தபோது, யாழ்ப்பாணத்தில் ஒரு சர்வதேச மைதானம் அமைக்க உதவ வேண்டும் என்று சனத் ஜயசூரிய கேட்டிருந்தார். பத்திரிகைகளில் அது பெரிதாக வந்திருந்த நேரம் என்பதால், எந்தக் கட்சி வேட்பாளரின் வாயிலும் அதுவே முதலில் வந்தது.

“எங்கே வரப்போகிறது தம்பி?” என்று கேட்டேன்.

“மண்டைதீவிலை எண்டு கதைக்கினம் ரீச்சர்.”

மண்டைதீவு வேலணைப் பிரதேச சபையின் எல்லைக்குள் இருக்கிறது. யாழ்ப்பாண மாநகர சபைக்குப் போட்டியிடும் ஒருவர் அங்கே ஒரு மலசலகூடக் கதவைக்கூட மாற்ற முடியாது. இதை நான் சொன்னதும் அவர் கொஞ்சம் தடுமாறினார், ஆனால் கோபப்படவில்லை. அது எங்கட எல்லைக்குள் வராதுதான், ஆனால் வந்தால் எல்லாருக்கும் பெருமைதானே என்றார். பெருமை வரட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் சர்வதேச கிரிக்கெட் மைதானத்தில் நாவாந்துறைப் பிள்ளைகள் உதைபந்து ஆடப் போவதில்லை; கோட்ட மட்ட மெய்வல்லுநர் போட்டியும் அங்கே நடக்கப் போவதில்லை. நீ எந்த மைதானத்தில் குண்டு போட்டாய் என்று அவரிடமே கேட்டேன். துரையப்பாவில்தான் என்று சிரித்துக்கொண்டு சொன்னவர், துண்டுப்பிரசுரத்தை என் கையில் திணித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அதில் விளையாட்டு என்ற தலைப்பின் கீழ் ஒரு வரி இருந்தது, அந்த வரியிலும் துரையப்பா இல்லை.

இரண்டாவதாக வந்தவர் முந்தைய சபையில் இருந்த முதியவர். இவரிடமிருந்துதான் நான் நிறையக் கற்றுக்கொண்டேன். கதிரையில் ஆறுதலாக உட்கார்ந்து, தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, மைதானம் பற்றி உங்களுக்கு ஒரு வாக்குறுதியும் தரமாட்டேன் என்று தொடங்கினார். ஏன் என்று கேட்டபோது பாதீட்டைப் பற்றி, அதாவது சபையின் வருடாந்த வரவு செலவுத் திட்டத்தைப் பற்றி, சொன்னார். சபையில் பாதீடு இரண்டு தடவை தோற்றால் முதல்வரின் பதவியே போய்விடும் என்பதால், பாதீட்டு விவாதம் என்பது பெரும்பாலும் முதல்வரைக் காப்பாற்றுவதா கவிழ்ப்பதா என்ற கணக்காகவே முடிந்துவிடுகிறது என்பது அவருடைய வாதம். இதற்கு எடுத்துக்காட்டுத் தேடித் தூரம் போக வேண்டியதில்லை. 2018 பெப்ரவரித் தேர்தலுக்குப் பிறகு முதல்வரான இம்மானுவேல் ஆனோல்ட் 2020 டிசம்பரில் பாதீடு தோற்றுப் பதவி இழந்தார். அவருக்குப் பின் வந்த மணிவண்ணன் 2022 டிசம்பரில் பாதீடு தோற்ற பின் விலகினார். அடுத்த மார்ச்சில் சபையின் காலமே முடிந்தது. 2023 மார்ச் 9ஆம் திகதி நடந்திருக்க வேண்டிய தேர்தல் பணமில்லை என்று தள்ளிப்போக, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மக்கள் தெரிவு செய்த ஒருவருமின்றி ஆணையாளரின் பொறுப்பில் மாநகர சபை நடந்தது. தேர்தலை நடத்தாதது மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்த பிறகுதான் விடயம் நகர்ந்தது.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு மைதானத்தின் பராமரிப்புச் செலவு எந்தப் பக்கத்தில், எந்த வரியில் இருக்கும், அதை யார் வாசிப்பார் என்று அவர் கேட்டார். உறுப்பினர் ஒருவர் எழுந்து மைதானத்தின் வடிகாலுக்கு இவ்வளவு வேண்டும் என்று கேட்டால், அது வடிகாலைப் பற்றிய கேள்வியாக அல்லாமல், அவர் யாருடைய பக்கம் என்பதைக் காட்டும் கேள்வியாகவே எடுக்கப்படும் என்றார். கசப்பாகத்தான் பேசினார், ஆனால் பொய் பேசவில்லை. அவருடைய முடிவை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. இந்தியா ஒரு தடவை செய்து தந்தது, பழுதானால் மறுபடியும் கேட்கலாம் என்பது அவர் முடிவு. கொடையாளி கட்டிக் கொடுப்பார், நாடா வெட்டுவார். புல் வெட்டும் இயந்திரத்துக்கு மாதாமாதம் எரிபொருள் ஊற்ற எந்த நாட்டுத் தூதரகமும் வராது. வாடகை, வீடு வளவுகளுக்குச் சபை அறவிடும் சோலைவரி, சபையின் பொது நிதி ஆகியவற்றிலிருந்துதான் அது வர வேண்டும்.

இடையில் வந்த ஒருவர் மைதானத்தின் பெயரை மாற்றுவது பற்றி அரை மணி நேரம் பேசினார். துரையப்பாவின் அரசியலைப் பற்றி இந்த ஊரில் இருவேறு கருத்து உண்டு என்பது எனக்கும் தெரியும். ஆனால் மாரி மழையில் ஓடுபாதையின் வளைவில் தேங்கும் தண்ணீர் பெயர்ப்பலகையைப் பார்த்து வடிவதில்லை. அவரைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

கடைசியாக வந்தவர் ஓர் இளம் பெண். பெண்களுக்கு நூற்றுக்கு இருபத்தைந்து விழுக்காடு ஒதுக்க வேண்டும் என்ற சட்டம் வந்த பிறகு, கட்சிகள் இடத்தை நிரப்பப் பெயர்களைப் பிடித்துப் போடுகின்றன என்று ஒரு முணுமுணுப்பு இருக்கிறது. இவரையும் அப்படித்தான் நினைத்தேன் என்று சொன்னால் என்னுடைய அயலவர்கள் பலர் தலையாட்டுவார்கள். கேள்வியைக் கேட்டதும் அவர் பதில் சொல்லவில்லை, என்னையே திருப்பிக் கேட்டார். போட்டி நாட்களில் எத்தனை பிள்ளைகள் வருவார்கள்? பெண் பிள்ளைகள் உடை மாற்றுவதற்கு எவ்வளவு இடம் வேண்டும்? நீளம் பாய்தல் குழிக்கு எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை மணல் கிளற வேண்டும்? இந்த மூன்றாவது கேள்வி எனக்குப் பெரிய மகிழ்ச்சியைத் தந்தது. கிளறாத மணல் மழைக்கும் வெயிலுக்கும் இறுகிப் போய்விடும். அதில் விழும் பிள்ளையின் கணுக்கால் தாங்காது. வேறொரு மாவட்ட மைதானத்தில் என் மாணவி ஒருத்தி அப்படிக் கால் முறிந்து ஒரு பருவம் முழுவதும் வீட்டில் இருந்தாள். மண்வெட்டியும் ஓர் ஆளின் அரை நாள் கூலியும் போதும் அதைத் தவிர்க்க.

எல்லாவற்றையும் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதிக்கொண்டு போனவர், தேர்தலுக்கு முந்தைய வாரம் மறுபடியும் வந்தார். தான் விசாரித்துப் பார்த்ததில் மூன்று காரியங்களைச் சபையே தன் அதிகாரத்துக்குள் செய்யலாம் என்றார். பராமரிப்புக்கெனப் பாதீட்டில் தனித் தலைப்பு. பாடசாலைகளுக்கும் கழகங்களுக்கும் இசை நிகழ்ச்சிக்காரர்களுக்கும் வெவ்வேறு வாடகை. இசை நிகழ்ச்சி முடிந்தபின் புற்றரையைச் சீர் செய்யும் வரை திருப்பிக் கொடுக்காத ஒரு வைப்புப் பணம். இவற்றில் கடைசியைப் பற்றி எங்கள் தெருவில் ஒரு விவாதமே நடந்தது. மேடை போட்டுப் பாரம் ஏற்றினால் உதைபந்தாட்டத் தரை கெட்டுவிடும் என்று கழகத்துப் பிள்ளைகள் சொல்ல, அந்த வருமானம் இல்லாவிட்டால் மைதானத்துக்கு வேறு என்ன வருமானம் என்று பக்கத்து வீட்டு ஐயா கேட்டார். இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததால்தான் வைப்புப் பணம் என்ற யோசனை எனக்குப் பிடித்தது.

வாக்களிக்கும் நாளில் எனக்கு வேறொரு சிக்கல். வாக்குச்சீட்டில் கட்சியின் பெயரும் சின்னமும்தான் இருக்கும். கொப்பியோடு வந்த பெண்ணின் பெயரோ, கதிரையில் உட்கார்ந்து உண்மை பேசிய முதியவரின் பெயரோ அதில் இல்லை. எங்கே புள்ளடி போட்டேன் என்பது என் சொந்த விடயம். எங்கள் மாநகர சபையின் 45 ஆசனங்களில் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. முதல்வர் சபை வாக்கெடுப்பில்தான் தெரிவானார். ஆகவே அந்த முதியவர் சொன்ன பாதீட்டுக் கணக்கு இந்தச் சபைக்கும் பொருந்தக்கூடியதே. அதே ஆண்டு செப்டம்பர் 1ஆம் திகதி மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். என் பழைய மாணவர் தொலைபேசியில் அழைத்து, பார்த்தீர்களா ரீச்சர் என்றார். பார்த்தேன், துரையப்பாவின் வடிகால் என்னாயிற்று என்று கேட்டேன்.

இனிச் செய்ய நினைத்திருப்பது இதுதான். சபையின் வருடாந்தப் பாதீடு டிசம்பரில் வரும்போது, விளையாட்டரங்கின் பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, முந்தைய ஆண்டில் ஒதுக்கியதில் எவ்வளவு செலவானது என்ற இரண்டு எண்களைத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கப் போகிறேன். 2016ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தைப் பயன்படுத்தித் தங்கள் ஊர் மைதானத்துக்கோ சந்தைக்கோ இப்படிக் கணக்கு வாங்கியவர்கள் இருந்தால், விண்ணப்பத்தில் கேள்வியை எப்படி அமைத்தீர்கள் என்று எழுதுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும் என்று ஒருவர் எச்சரித்திருக்கிறார், அதனால்தான் கேட்கிறேன்.