அப்பாவின் இருப்பிடம் செக்கானூரணியிலேயே நின்றுவிடுகிறது

அப்பாவுக்கு 71 வயது. வாரம் இரண்டு நாள் உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி மதுரை ஆரப்பாளையம் வருகிறார். போனை எடுத்துப் பேசுகிற பழக்கமே கிடையாது. அதனால் வரைபடச் செயலியில் அவருடைய இருப்பிடத்தை நாங்கள் பார்க்கும்படி வைத்தோம். ‘என்னை வேவு பார்க்கிறீர்களா’ என்று முதலில் கோபித்தார். இப்போது அம்மா அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் உலை வைக்கிறார்!

மூன்று வாரமாகத் தொல்லை. செக்கானூரணி தாண்டியதும் புள்ளி நகர்வதில்லை. ‘40 நிமிடங்களுக்கு முன்பு’ என்று காட்டுகிறது. அவர் திரையைத் திறந்தால் உடனே சரியான இடத்துக்குத் தாவுகிறது. போன வியாழக்கிழமை அவர் வீட்டு வாசலில் வந்து நின்றபோதும் புள்ளி செக்கானூரணியிலேயே இருந்தது.

ஆண்ட்ராய்டு 13 போன், இரண்டு வருடப் பழையது. பேட்டரி சேமிப்பை அணைத்தேன். இருப்பிட அனுமதியை ‘எப்போதும்’ என்று மாற்றினேன். செயலியை நீக்கி மறுபடி ஏற்றினேன், பகிர்வையும் புதிதாகத் தொடங்கினேன். டேட்டா இருக்கிறது, வாட்ஸ்அப் செய்திகள் வழியெல்லாம் வருகின்றன.

திரை அணைந்திருக்கும்போதும் இருப்பிடம் புதுப்பிக்கப்பட, இன்னும் எந்த அமைப்பை மாற்ற வேண்டும்?