ரிமோட் கன்ட்ரோல் மென்பொருள் நிறுவியபின் கருந்திரை: ஃபார்மட் செய்யாமல் மீட்க முடியுமா?

மலைச்சாரல் (கேள்வி)
வணக்கம். அலுவலகக் கணினி, விண்டோஸ் 10 ப்ரோ, 64 பிட். வெளியிலிருந்து இயக்குவதற்காக ஒரு ரிமோட் கன்ட்ரோல் மென்பொருள் நிறுவப்பட்டது. நிறுவும்போது மெய்நிகர் டிஸ்ப்ளே, திரையை மறைத்தல், கீபோர்டைப் பூட்டுதல் என்று கேட்ட மூன்றுக்கும் டிக் கொடுத்தாயிற்று. ரீஸ்டார்ட் ஆனதும் விண்டோஸ் சின்னம், சுழலும் புள்ளிகள், அப்புறம் கருந்திரை. சேஃப் மோடில் (அத்தியாவசிய டிரைவர்கள் மட்டும் ஓடும் நிலை) ஒழுங்காகத் திறக்கிறது. ஆனால் அங்கே அன்இன்ஸ்டால் கொடுத்தால், விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸை அணுக முடியவில்லை என்று பிழை வருகிறது. கணக்குக் கோப்புகள் எல்லாம் சி டிரைவில். என்ன செய்யலாம்?

கம்பிவலை
சேஃப் மோடு திறக்கிறது என்றால் டிஸ்க்கும் பூட் கோப்புகளும் நன்றாகவே இருக்கின்றன. ஃபார்மட் வேண்டாம். பூட் ரெக்கார்டைச் சரிசெய்யும் கட்டளைகளையும் தொடாதீர்கள், அவற்றுக்கும் இந்தக் கோளாறுக்கும் சம்பந்தமில்லை.

முதலில் ஒரு சோதனை. விண்டோஸ் உண்மையிலேயே நின்றுவிட்டதா, அல்லது லாகின் திரை இல்லாத மானிட்டருக்குப் போய்விட்டதா? மெய்நிகர் டிஸ்ப்ளே பிரதான திரையாகிவிட்டால் இப்படித்தான் இருக்கும். கருந்திரை வந்து ஒரு நிமிடம் கழித்து விண்டோஸ் + கன்ட்ரோல் + ஷிஃப்ட் + பி (B) அழுத்துங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். பலனில்லையென்றால் ஸ்பேஸ் தட்டி, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பாஸ்வேர்டை அடித்து என்டர் கொடுங்கள். பிறகு விண்டோஸ் + பி (P, எந்தத் திரையில் காட்டுவது என்ற பட்டியல்) அழுத்தி, அம்பு விசையால் ஒன்று நகர்த்தி என்டர். படம் வந்துவிட்டால் வேலை பாதி முடிந்தது.

வராவிட்டால் சேஃப் மோடுக்கே போங்கள். விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸ் சேஃப் மோடில் ஓடும் பட்டியலில் கிடையாது, அதனால்தான் அந்தப் பிழை. ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் (விண்டோஸ் அமைப்புகளின் பதிவேட்டைத் திருத்தும் கருவி) ஹெச்கீ லோக்கல் மெஷின் → சிஸ்டம் → கரண்ட்கன்ட்ரோல்செட் → கன்ட்ரோல் → சேஃப்பூட் → மினிமல் வரை இறங்கி, 'எம்எஸ்ஐசர்வர்' (MSIServer) என்று புதிய கீ (ஃபோல்டர் போன்ற பிரிவு) உருவாக்குங்கள். அதன் டிஃபால்ட் மதிப்பு 'சர்வீஸ்' (Service) என்று இருக்க வேண்டும். நெட்வொர்க்குடன் கூடிய சேஃப் மோடு என்றால் மினிமலுக்குப் பதில் 'நெட்வொர்க்' கீழே. அட்மின் கமாண்ட் ப்ராம்ப்டில் 'நெட் ஸ்டார்ட் எம்எஸ்ஐசர்வர்' (net start msiserver) கொடுத்துவிட்டு அன்இன்ஸ்டால் செய்யுங்கள்.

இரும்புத்திரை
மேலே சொன்னது சரி. ஆனால் கீபோர்டுப் பூட்டுக்கும் டிக் கொடுத்திருப்பதால் ஒரு எச்சரிக்கை. இந்த வகை மென்பொருள் சில, கீபோர்டுக்கு ஒரு ஃபில்டர் டிரைவரை (விசை அழுத்தங்களை இடையில் நின்று பிடிக்கும் டிரைவர்) செருகுகின்றன. அன்இன்ஸ்டால் பாதியில் நின்றால் டிரைவர் போய்விடும், பெயர் மட்டும் ரெஜிஸ்ட்ரியில் தங்கும். இல்லாத டிரைவரைத் தேடி விண்டோஸ் கீபோர்டையே ஏற்றாது. பாஸ்வேர்டு அடிக்க வழியிருக்காது.

ஆகவே ரீஸ்டார்ட் செய்யும் முன் கரண்ட்கன்ட்ரோல்செட் → கன்ட்ரோல் → கிளாஸ் கீழே 4டி36இ96பி (4D36E96B) என்று தொடங்கும் கீயைத் திறந்து 'அப்பர்ஃபில்டர்ஸ்' (UpperFilters) மதிப்பைப் பாருங்கள். அதில் 'கேபிடிகிளாஸ்' (kbdclass) கட்டாயம் இருக்க வேண்டும். அந்த மென்பொருளின் பெயர் இருந்தால் அந்த வரியை மட்டும் நீக்குங்கள். முழு மதிப்பையும் அழித்தால் கீபோர்டு போயிற்று. மவுஸுக்கு 4டி36இ96எஃப் (4D36E96F), அங்கே 'மௌகிளாஸ்' (mouclass) இருக்க வேண்டும்.

அன்இன்ஸ்டால் முரண்டு பிடித்தால் 'சர்வீசஸ்' கீழே அந்த மென்பொருளின் கீயில் 'ஸ்டார்ட்' மதிப்பை 4 ஆக்குங்கள். 2 என்றால் தானாகத் தொடங்கும், 3 என்றால் தேவைப்படும்போது, 4 என்றால் முடக்கம். பழைய மதிப்பைக் குறித்துவையுங்கள், கீயை அழிக்காதீர்கள். வரிசை முக்கியம்: ஃபில்டர் பெயரை எடுத்த பிறகுதான் 4.

மலைச்சாரல்
நன்றி. கண்ணை மூடி பாஸ்வேர்டு அடித்தும் படம் வரவில்லை. எம்எஸ்ஐசர்வர் வழியில் அன்இன்ஸ்டால் முடிந்தது. அப்பர்ஃபில்டர்ஸில் ஒரு பெயர் அதிகமாக இருந்தது, எடுத்தாயிற்று. இப்போது சாதாரணமாகத் திறக்கிறது. ஆனால் டிவைஸ் மேனேஜரில் இன்னும் இரண்டாவது டிஸ்ப்ளே அடாப்டர் காட்டுகிறது. இன்னொன்று: சேஃப் மோடும் வராமல் போயிருந்தால், ரெக்பேக் (RegBack, ரெஜிஸ்ட்ரி நகலுக்கான) ஃபோல்டரிலிருந்து ரெஜிஸ்ட்ரியை காப்பி செய்திருக்கலாமா?

கம்பிவலை
செய்யவே கூடாது. விண்டோஸ் 10, 1803 பதிப்பிலிருந்து அந்தத் தானியங்கி பேக்கப் நிறுத்தப்பட்டுவிட்டது. ஃபோல்டரில் கோப்புகள் தெரியும், அளவு 0 கேபி. அதை மேலே எழுதினால் மீள வழியில்லாமல் போகும். இணையத்தில் இன்னும் அந்த யோசனை சுற்றிக்கொண்டிருப்பது வேதனை.

சேஃப் மோடும் வராதபோது ரிப்பேர் திரையின் கமாண்ட் ப்ராம்ப்டில் ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, ஹெச்கீ லோக்கல் மெஷினைத் தேர்ந்து, 'லோட் ஹைவ்' (ரெஜிஸ்ட்ரி கோப்பை ஏற்றும் கட்டளை) மூலம் விண்டோஸ் → சிஸ்டம்32 → கான்ஃபிக் → சிஸ்டம் கோப்பை ஏற்ற வேண்டும். அங்கே டிரைவ் எழுத்து மாறியிருக்கலாம், சி என்பது டி ஆக இருக்கும். கரண்ட்கன்ட்ரோல்செட்டும் தெரியாது, 'செலக்ட்' கீயில் 'கரண்ட்' 1 என்றால் கன்ட்ரோல்செட்001. வேலை முடிந்ததும் 'அன்லோட் ஹைவ்'. பிட்லாக்கர் (டிரைவைக் குறியாக்கம் செய்து பூட்டும் வசதி) போட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண் கையில் இருக்க வேண்டும்.

மிச்ச அடாப்டர்: வியூ மெனுவில் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொல்லி, அதில் அன்இன்ஸ்டால் டிவைஸ் கொடுத்து, டிரைவர் மென்பொருளையும் நீக்கு என்ற பெட்டியில் டிக் செய்யுங்கள். டிக் விட்டுப்போனால் அடுத்த ஸ்கேனில் திரும்ப வந்து உட்காரும். மானிட்டர்கள் பிரிவிலும் ஒரு பேய் மானிட்டர் இருக்கும், அதையும் எடுங்கள். 'டபிள்யூயுடிஎஃப்ஆர்டி' (WUDFRd) என்ற சர்வீஸைத் தொடவேண்டாம். மெய்நிகர் டிஸ்ப்ளே அதன் மேல்தான் ஓடுகிறது, ஆனால் அது விண்டோஸுடையது, வேறு சாதனங்களுக்கும் வேண்டும்.

இரும்புத்திரை
மறுபடி நிறுவுவதானால் சிஸ்டம் ப்ரொடெக்ஷனை ஆன் செய்து, கையால் ஒரு ரீஸ்டோர் பாயின்ட் எடுத்துவிட்டு நிறுவுங்கள். கணினியில் மானிட்டர் இணைந்திருக்கும்வரை மெய்நிகர் டிஸ்ப்ளே தேவையே இல்லை. மூன்று டிக்கும் இல்லாமல் நிறுவி, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பார்த்தபின் வேண்டியதை ஒவ்வொன்றாகச் சேருங்கள்.