கருப்பிக்கு ரத்தம் ஏத்தணும், வழி சொல்லுங்க

வணக்கம். தாம்பரம் பக்கம் இருக்கோம். எங்க கருப்பிக்கு ஆறு வயசு, நாட்டு நாய். தயிர்சாதம்னா தட்டையே நக்கித் தீர்க்குறவ, போன வாரம் திரும்பிக்கூடப் பார்க்கல. உதட்டைத் தூக்கிப் பார்த்தா ஈறு தாள் மாதிரி வெளுத்துக் கிடக்கு. வயித்துல சின்னச் சின்ன சிவப்புப் புள்ளி.

உண்ணிக் காய்ச்சலாம், எர்லிக்கியா. ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் (பிளேட்லெட்) ரெண்டு லட்சமாவது இருக்கணும். இவளுக்கு 18 ஆயிரம். டாக்ஸிசைக்ளின் 28 நாள் கொடுக்கணும், அது பெரிய விலை இல்ல. ட்ரிப்ஸ், ஸ்கேன், தினம் ஒரு ரத்த டெஸ்ட்னு தனியார் கிளினிக்ல அஞ்சே நாள்ல 23,000 ரூபாய் போச்சு. இப்ப ரத்தம் ஏத்த 15,000 முன்பணம் கேக்குறாங்க. அம்மா தோடு ஏற்கெனவே அடகுல இருக்கு (கேக்காமலே கழட்டிக் கொடுத்தாங்க).

அதனால நாளைக்குக் காலையில வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோறோம். அங்க போனவங்க சொல்லுங்க, எத்தனை மணிக்குப் போய் நிக்கணும்? வெளி ரிப்போர்ட்டை ஏத்துக்குவாங்களா? நாயை ஏத்திக்கிற ஆட்டோக்காரர் யாராவது தெரியுமா? மூணு பேர் முடியாதுன்னுட்டாங்க.

25 கிலோவுக்கு மேல, தடுப்பூசி போட்ட, நோய்நொடி இல்லாத நாய் வெச்சிருக்கவங்க ரத்தம் கொடுக்கக் கூட்டிட்டு வர முடியுமா? எந்த ஜாதி நாய்னாலும் சரி, பொருத்தம் டாக்டர் பார்த்துக்குவாங்க. போக வர வண்டிச் செலவு எங்களோடது.

பணம் இப்போ அனுப்ப வேண்டாம். பில் வந்ததும் இங்கேயே போடுறேன். "நாட்டு நாய்க்கு இவ்வளவா"ன்னு கேக்க வர்றவங்க தயவுசெஞ்சு கடந்து போயிடுங்க.