பாத்ரூம் பள்ளத்தை ரெவிட்டில் வெட்டினால் தளமே ஓட்டையாகிறது: உதவி தேவை

கேள்வி (மண்டபம்):
கடற்கரையிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் அமையும் ஒரு மாடி வீட்டுக்கு, ரெவிட் என்ற கட்டட வரைவு மென்பொருளில் மாடல் தயாரித்து வருகிறேன். மாடித் தளத்தின் கனம் 125 மி.மீ.; அதில் இரண்டு பாத்ரூம்களுக்கு, கழிவுக்குழாய் ஓட 300 மி.மீ. பள்ளம் வேண்டும். மாடல் இன்-பிளேஸ் வழியாக வாய்டு எக்ஸ்ட்ரூஷன் (வெட்டி எடுக்கும் வெற்று வடிவம்) வரைந்து, கட் ஜியாமெட்ரி என்ற கட்டளை கொடுத்துத் தளத்தை வெட்டினேன். செக்ஷனில் (குறுக்குவெட்டுப் படத்தில்) பார்த்தால் பள்ளத்துக்கு அடியே இல்லை. கீழ்க்கூடத்தில் நின்று அண்ணாந்தால் மேல்மாடிச் சுவரின் டைல்ஸ் தெரிகிறது. ஆழத்தை 100 ஆகக் குறைத்தால் 25 மி.மீ. ஏடு மட்டும் மிஞ்சுகிறது. அச்செடுத்த தாளைப் பார்த்த மேஸ்திரி, "இந்த இடத்தில் பலகையை எந்த மட்டத்தில் அடிக்கட்டும்?" என்று, கான்கிரீட்டைத் தாங்கும் அச்சுப்பலகையைப் பற்றிக் கேட்டார், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில் (கீழக்கரை):
தம்பி, மேஸ்திரியின் கேள்வியிலேயே விடை இருக்கிறது. வாய்டு இருக்கிற கான்கிரீட்டைச் சுரண்டுமே தவிர, கீழே புதிதாக எதையும் வார்க்காது. சைட்டில் நாம் செய்வது சுரண்டிய தளம் அன்று, பலகையை இறக்கி அடித்துத் தாழ்த்தி வார்க்கும் இன்னொரு தளம். ஆகவே வாய்டை அழித்துவிட்டு, மாடித் தளத்தின் எடிட் பவுண்டரிக்குள் (எல்லைக்கோட்டைத் திருத்தும் இடத்தில்) பாத்ரூம் அளவுக்கு ஒரு மூடிய செவ்வகம் வரைந்து திறப்பாக்குங்கள். அதே அளவில் தனித் தளம் ஒன்று வரைந்து, அதன் ஹைட் ஆஃப்செட் ஃப்ரம் லெவல் (மாடி மட்டத்திலிருந்து உயர வேறுபாடு) என்ற இடத்தில் -300 கொடுங்கள். திறப்புக்கு ஷாஃப்ட் ஓபனிங் என்ற கருவியைப் பயன்படுத்த வேண்டாம். அது தன் உயரத்துக்குள் வரும் எல்லாத் தளங்களையும் வெட்டும், இறக்கி வைத்த தளத்தையும் சேர்த்து. ஷவர் மூலையில் 20 மி.மீ. தாழ்வு போன்றவற்றுக்கு வாய்டு போதும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா, கூடத்துக்குக் கூரை வந்துவிட்டது. ஆனால் சுற்றியுள்ள பீம்கள் 230 மி.மீ. அகலம், 380 மி.மீ. உயரம்; புதிய தளத்தின் அடிமட்டம் 300 + 125 = 425 என்பதால், பீமுக்குக் கீழே 45 மி.மீ. தொங்குகிறது. மாடலில் பிழையா?

பதில் (இராமேஸ்வரம், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்):
மாடல் சரியாகவே இருக்கிறது. அது காட்டும் வடிவமைப்பில்தான் பிழை. இன்னொன்றையும் இப்போதே திருத்திவிடுங்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதிநூலான ஐ.எஸ். 456:2000, கடலோரச் சூழலுக்கு ஆட்பட்ட கான்கிரீட்டைக் கடுமையான சூழல் என்று வகைப்படுத்தி, எம்30 வலிமைக் கலவையும், கம்பியை மூடும் கான்கிரீட்டாக 45 மி.மீ. கவரும் கேட்கிறது. 125 தளத்தில் 45 கவரும் 10 மி.மீ. கம்பியில் பாதியும் போனால், பயன்படும் ஆழம் 75 தான். மதுரையில் 20 கவருடன் அதே தளத்துக்குக் கிடைக்கும் 100 இங்கே வேண்டுமென்றால், கனம் 150 ஆக வேண்டும். அப்போது 300 பள்ளத்துக்கு 450 பீம் போட்டாலும் தளத்தின் அடியும் பீமின் அடியும் ஒரே மட்டமாகி, கம்பி கட்டுபவர் இரண்டு கம்பிகளையும் ஒரே இடத்தில் நுழைக்கத் திணறுவார். சுவரில் தொங்கும் கமோடு வைத்துக் கழிவுக்குழாயைச் சுவர் வழியே வெளியேற்ற வீட்டுக்காரர் சம்மதித்தால், பள்ளத்தை 230 ஆக்கலாம்; 230 + 150 = 380, 450 பீமில் 70 மிச்சம்.

கட்டடத்தின் வலிமையைக் கணக்கிடும் ஈடாப்ஸ் மென்பொருளில் பெரும்பாலும் எல்லாத் தளங்களையும் ஒரே மட்டத்தில்தான் வரைகிறோம். அதனால் பக்கத்து அறையின் மேல்கம்பி பள்ளத்துக்குள் தொடர்வதுபோல் மென்பொருள் மொமென்ட்டை (வளைக்கும் விசையை) பகிர்ந்துவிடும். உண்மையில் அந்தக் கம்பி பீமிலேயே மடிந்து நிற்கும். எனவே பாத்ரூமைத் தனிப் பேனலாக (தனித் தளத்துண்டாக), தொடர்ச்சியற்ற விளிம்புகளுடன் சோதியுங்கள். பள்ளத்தை நிரப்பும் செங்கல் ஜல்லிக் கலவையைக் கனமீட்டருக்கு 18 கிலோநியூட்டன் என்று கொண்டால், 230 ஆழத்துக்குச் சதுர மீட்டருக்கு 4.1 கிலோநியூட்டன் வருகிறது, தளத்தின் சொந்த எடையான 3.75ஐ விட அதிகம். பலர் விடுவது இந்த எடையைத்தான். கடற்கரை மணலை நிரப்பவே வேண்டாம்; பள்ளத்தில் நீர் கசிந்தால் உப்பு நேரே கம்பிக்குப் போகும்.

கேள்வி கேட்டவர்:
வீட்டுக்காரர் மாடியில் தொங்கும் கமோடுக்குச் சம்மதித்துவிட்டார், ஐயா. ஆஃப்செட்டை -230 ஆகவும், கனத்தை 150 ஆகவும், பீமை 450 ஆகவும் மாற்றி, செக்ஷனில் பலகை மட்டத்தை -380 என்று எழுதி மேஸ்திரியிடம் கொடுத்தேன். நாடாவை இழுத்துப் பார்த்துவிட்டு, "இது சரி" என்றார். அடுத்து ஈடாப்ஸில் அந்த 4.1ஐச் சேர்க்கிறேன்.