மறுமொழி: ரிசீவர், ஆம்ப்ளிஃபயர், ஹெட்ரூம் – தமிழில் எப்படி?

குழுவினருக்கு வணக்கம். வீட்டுத் திரையரங்கு ஒலிக்கருவிகளுக்கான நம் தமிழ்ச் சொல் அட்டவணைக்கு நீங்கள் அனுப்பிய பரிந்துரைகளை ஒவ்வொன்றாக மேற்கோள் காட்டி, கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

> ரிசீவருக்கு "ஏற்பி" என்றே வைத்துவிடலாம். அகராதியில் இருக்கிறது, சொல்லும் சிறியது.

அகராதியில் இருப்பது உண்மை. ஆனால் அந்தப் பெட்டி எதை ஏற்கிறது? வானொலி அலை வாங்கும் பகுதியையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே பெட்டியில் அடைத்து விற்ற காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. இன்றைய ரிசீவரிலும் பண்பலை வானொலி இருக்கலாம். அதற்காக யாரும் அதை வாங்குவதில்லை. எந்தக் கருவியிலிருந்து ஒலி வர வேண்டும் என்று தெரிவு செய்வது, டால்பி அட்மாஸ் போன்ற பல்தட ஒலிக் குறியீட்டைப் பிரித்து ஏழு, ஒன்பது தடங்களாகப் (சேனல்களாகப்) பகிர்வது, அறைக்கு ஏற்ப ஒலியைத் திருத்துவது, கடைசியாக ஒவ்வொரு தடத்தையும் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புவது ஆகியவைதான் அதன் வேலைகள். இவற்றில் ஒன்றைக்கூட "ஏற்பி" சொல்லவில்லை. உயிரியல்காரர்கள் வேறு அதை நரம்பு முனைக்கும் செல்லின் மேற்பரப்புக்கும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். "வாங்கி" என்றால் ஒலிவாங்கி நினைவுக்கு வரும், அது மைக்.

என் முன்மொழிவு: பகுபெருக்கி. தடங்களாகப் பகுத்துப் பெருக்குவது. வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்று மிகாது. "பகுப்பெருக்கி" என்று எழுத வேண்டாம். இதில் இன்னொரு வசதியும் உண்டு. பகுக்கும் பகுதி மட்டும் தனிப் பெட்டியாக வந்தால் அது பகுப்பி. பெருக்கும் பகுதி மட்டும் தனியாக வந்தால், அதன் பெயரைக் கீழே பார்ப்போம். பணத்தை எந்தப் பெட்டியில் போடுவது என்று யோசிப்பவருக்கு இந்தப் பிரிவினை சொல்லிலேயே தெரிந்துவிடும்.

> ஆம்ப்ளிஃபயர் = ஒலிபெருக்கி. இதில் விவாதத்துக்கு என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. ஒலிபெருக்கி என்று மக்கள் சொல்வது ஸ்பீக்கரை. கண்டிப்பாகப் பார்த்தால் ஸ்பீக்கர் எதையும் பெருக்குவதில்லை. வந்த மின்சாரத்தை ஒலியாக மாற்றுகிறது, அதிலும் பெரும்பகுதியை வெப்பமாக வீணடிக்கிறது. ஆனால் ஊர் ஏற்றுக்கொண்ட சொல்லைப் பிடுங்கி வேறொன்றுக்கு ஒட்ட முடியாது. ஆகவே ஸ்பீக்கர் ஒலிபெருக்கியாகவே இருக்கட்டும். ஆம்ப்ளிஃபயர் வெறும் பெருக்கி. தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூல்களிலும் அப்படித்தான். இலங்கைப் பாடநூல்களில் விரியலாக்கி. அழகான சொல், ஆனால் முன்னொட்டு சேர்த்தால் நாக்கு தடுமாறுகிறது. (பெருக்கி என்றால் துடைப்பம் என்று கேலி செய்த நண்பருக்கு: கணக்கு வாத்தியாரும் பெருக்கச் சொல்லித்தான் வந்திருக்கிறார், யாரும் துடைப்பம் எடுக்கவில்லை.)

> பவர் ஆம்ப்ளிஃபயர் = திறன்பெருக்கி.

இங்கேதான் இலங்கைத் தமிழிடம் கடன் வாங்கச் சொல்கிறேன். நம் துறையில் திறன் என்ற சொல் ஏற்கெனவே களைத்துப் போயிருக்கிறது. வாட் கணக்கு திறன், ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி உணர்திறன், எஃபிசியன்சி பயனுறுதிறன். "அதிகத் திறனுள்ள ஒலிபெருக்கி" என்று ஒருவர் எழுதினால் அது நிறைய வாட் தாங்கும் என்று பொருளா, குறைந்த வாட்டிலேயே உரக்கப் பாடும் என்று பொருளா? இரண்டும் வேறு. இலங்கைப் பாடநூல்கள் பவரை வலு என்கின்றன. அதை எடுத்துக்கொண்டால் வலுப்பெருக்கி, முன்பெருக்கி (ப்ரீஆம்ப்), வலு, உணர்திறன் என்று எல்லாம் தனித்தனியே நிற்கும்.

இந்தக் குழப்பம் ஏட்டோடு நிற்பதில்லை, பணத்தையும் கரைக்கும். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தொலைவில் 87 டெசிபெல் தரும் ஒலிபெருக்கியை எடுத்துக்கொள்வோம். இருக்கை 4 மீட்டர் தள்ளி இருக்கிறது. தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபெல் குறையும், ஆக 75. திரையரங்கு அளவுகோலில் ஒரு முதன்மைத் தடத்தின் உச்சம் 105 டெசிபெல். மீதி 30 டெசிபெல்லை வலுவால் ஈடுகட்ட வேண்டும். 10 டெசிபெல்லுக்குப் பத்து மடங்கு என்றால் 30 டெசிபெல்லுக்கு ஆயிரம் மடங்கு: 1000 வாட்! சுவர்கள் திருப்பி அனுப்பும் ஒலியால் நடைமுறையில் இது குறையும், ஆனாலும் எந்தப் பகுபெருக்கியும் ஒரு தடத்துக்கு அவ்வளவு தராது. இப்போது 97 டெசிபெல் உணர்திறன் உள்ள ஒலிபெருக்கியை வையுங்கள். அதே உச்சத்துக்கு 100 வாட் போதும். கடைக்காரர் 100 வாட் பெட்டிக்குப் பதிலாக 140 வாட் பெட்டியைக் காட்டினால் கூடுதலாகக் கிடைப்பது 1.5 டெசிபெல், காதுக்குத் தெரிவதே கடினம். உரத்த ஒலி வேண்டுபவர் முதலில் பார்க்க வேண்டியது ஒலிபெருக்கியின் உணர்திறனை. "திறன்" என்ற ஒரே சொல்லில் இரண்டையும் போட்டுக் கட்டினால் இதை எப்படி விளக்குவது?

> ஹெட்ரூம் = தலையிடம்.

மன்னிக்கவும், இது மொழிபெயர்ப்பு அல்ல, எலும்பு முறிவு. தமிழில் தலைக்கு மேல் இடம் இருந்தால் உத்தரத்தில் முட்டாது, அவ்வளவுதான். நம் துறையில் ஹெட்ரூம் என்பது திடீர் உச்சங்களுக்காகப் பெருக்கியில் மீதம் இருக்கும் வலு.

இந்தச் சொல்லுக்காகத்தான் இந்த மடலையே எழுதுகிறேன். பகுபெருக்கியோடு தனி வலுப்பெருக்கியைப் புதிதாக இணைத்தவர்களிடமிருந்து ஒரே புகார் அடிக்கடி வருகிறது: இவ்வளவு செலவழித்தும் ஒலி கூடவில்லை. கூடாதுதான். பெரும்பாலான பெருக்கிகள் உள்ளே வரும் மின்னழுத்தத்தை ஏறத்தாழ ஒரே மடங்கில்தான் உயர்த்துகின்றன. 29 டெசிபெல் பெருக்கம் என்றால் 1 வோல்ட் உள்ளே போனால் சுமார் 28 வோல்ட் வெளியே வரும். 8 ஓம் ஒலிபெருக்கியில் அது 100 வாட். பகுபெருக்கியின் உள்ளே இருக்கும் பெருக்கிக்கும் வெளியே வாங்கி வைத்த 300 வாட் பெட்டிக்கும் பெருக்கம் ஒன்றாக இருந்தால், குமிழின் அதே நிலையில் இரண்டும் ஒரே அளவில்தான் ஒலிக்கும். வேறுபாடு வெடிச் சத்தம் வரும்போது தெரியும். சிறியதன் மின்வழங்கி அந்த நொடியில் கைவிரித்துவிடும். அலையின் நுனி தட்டையாகிவிடும், ஒலி கரகரக்கும், நீடித்தால் டுவீட்டரின் (கீச்சொலி தரும் சிறு ஒலிபெருக்கியின்) மென்மையான சுருள் கருகும். பெரியது அப்போதும் அலையை முழு உருவத்தில் கொடுக்கும்.

தமிழில் இதற்குச் சொல் தயாராக இருக்கிறது: கையிருப்பு. அன்றாடச் செலவு போக, திடீர்த் தேவைக்கு எடுக்க மீதம் இருப்பது. வலுக் கையிருப்பு என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. "வெளிப் பெருக்கி வாங்கினால் ஒலி கூடுமா?" என்பவரிடம் "ஒலி கூடாது, கையிருப்பு கூடும்" என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

அலையின் நுனி தட்டையாவதை, அதாவது கிளிப்பிங்கை, "முகடுவெட்டு" என்று ஒருவர் எழுதியிருந்தார். முகடு மட்டுமல்ல, அகடும் சேர்ந்தே வெட்டுப்படுகிறது. நுனிவெட்டு என்பேன். பிடிவாதம் இல்லை.

> விளம்பரத்தில் போடும் வாட் எண்ணுக்கு ஒரு சொல் வேண்டாமா?

வேண்டும், ஒன்று போதாது, இரண்டு. "8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, இரண்டு தடங்கள் இயங்கும்போது, 0.08 சதவீதத் திரிபு (டிஸ்டார்ஷன்)" என்ற நிபந்தனையோடு சொன்ன எண் ஒரு வகை. "6 ஓம், 1000 ஹெர்ட்ஸ், ஒரு தடம், 10 சதவீதத் திரிபு" என்பது இன்னொரு வகை. அதே பெட்டிக்கு இந்த எண் மிகப் பெரிதாக வரும், ஆனால் 10 சதவீதம் என்பது நன்றாகவே நுனிவெட்டில் நிற்கும் நிலை. இந்தக் கூத்தைப் பார்த்துத்தான் அமெரிக்காவில் 1974-லேயே பெருக்கி விளம்பரங்களுக்கு விதி கொண்டுவந்தார்கள். முதலாவது உறுதிவலு, இரண்டாவது விளம்பரவலு என்று நான் எழுதிவருகிறேன். இரண்டாவதில் நக்கல் இருக்கிறது என்று அட்டவணைக்காரர்கள் மறுக்கலாம். "உச்சவலு" என்று மாற்றினால் மட்டும் ஒப்பமாட்டேன், அது அந்த எண்ணுக்கு மரியாதை சேர்ப்பதாகிவிடும். உறுதிவலுகூட இரண்டு தடங்களுக்கானதுதான். ஏழு தடங்களும் ஒரே மின்மாற்றியைப் பங்குபோடும்போது ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது குறையும். அதற்கு "முழுத்தட வலு" என்று வைக்கலாமா? "அனைத்துத்தட வலு" துல்லியம், ஆனால் வாயில் நிற்கவில்லை.

சப்வூஃபருக்கு வந்த ஐந்து பரிந்துரைகளையும் பார்த்தேன். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைத் தன் சொந்தப் பெருக்கியோடு ஏற்றுக்கொண்டு பகுபெருக்கியின் சுமையைக் குறைப்பது அது. "அடியொலிப்பான்" தவிர மற்ற நான்கும் எனக்கு ஒட்டவில்லை.

பகுபெருக்கி, வலுப்பெருக்கி, கையிருப்பு ஆகிய மூன்றையும் அட்டவணையில் ஏற்றலாமா என்று சொல்லுங்கள். "வலு" வேண்டாம் என்பவர்கள் உணர்திறனுக்கு மாற்றுச் சொல்லோடு வரவும்.