பின் டயர் 18 இன்ச் அகலம்: ப்ரோ ஸ்ட்ரீட் பிக்கப் பாத்தவங்க, ஓட்டினவங்க, கட்டினவங்க அனுபவத்த சொல்லுங்க

ஹூஸ்டன் வெல்டர்:

வணக்கம் மக்களே. அமெரிக்கால இருக்கற நம்மாளுங்கள்ல நிறைய பேரு பிக்கப் வச்சிருக்கோம், ஆனா இந்த ப்ரோ ஸ்ட்ரீட் பத்தி தமிழ்ல யாரும் பேசி நான் பாக்கல, அதான் ஆரம்பிக்கறேன். ஒரு தடவ நேர்ல பாத்திருந்தா கூட போதும், எழுதுங்க.

பழக்கம் இல்லாதவங்களுக்காக: முன்னாடி ஒல்லியா ரெண்டு டயர், பின்னாடி டிராக் ரேஸ் வண்டில இருக்கற மாதிரி ராட்சச டயர், ஆனா அது ஃபெண்டருக்கு வெளிய துருத்திக்கிட்டு நிக்காது, முழுசா பாடிக்குள்ள அடங்கி உக்காந்திருக்கும். நம்பர் ப்ளேட், லைட், ஹாரன் எல்லாம் இருக்கும், ரோட்டுல ஓட்டலாம். இதுல ரொம்ப புழங்கற சைஸ் 31க்கு 18.5, 15 இன்ச் ரிம். உயரம் 31 இன்ச், அகலம் 18.5 இன்ச், மில்லிமீட்டர்ல 470. நம்மூர் ஸ்விஃப்ட் மேல் மாடல்லயும் 15 இன்ச் ரிம்தான், டயர் அகலம் 185, அப்டி ரெண்டரை டயர பக்கத்துல பக்கத்துல அடுக்கினா இது ஒண்ணு. ஃபேக்டரிலேர்ந்து வந்த பிக்கப்லயே பெரிய முரடுன்னு பேர் வாங்கின டாட்ஜ் ராம் எஸ்ஆர்டி-10, வைப்பரோட 8.3 லிட்டர் வி10 இஞ்சின் போட்டு 2004ல வந்தது, அதுக்கே பின் டயர் 305தான்.

நான் மொதல்ல நல்லா குனிஞ்சு பாத்தது ஹூஸ்டன் பக்கத்துல கான்ரோல நடக்கற டிரக் ஷோ, லோன் ஸ்டார் த்ரோடவுன்ல. அங்க வர்ற வண்டில முக்காவாசி ஸ்ப்ரிங்குக்கு பதிலா காத்து பை (ஏர் சஸ்பென்ஷன்) போட்டு தரையோட தரையா படுத்திருக்கும், அதுக்கு நடுவுல ஒரு 1969 செவ்ரொலே சி10, ஷார்ட் பெட் (குட்டைத் தொட்டி), மங்கின பச்சை பெயிண்ட், பாலிஷே இல்ல. பின்னாடி போய் பாத்தா பம்பருக்கு கீழ ரெண்டு கருப்பு சுவர் மாதிரி டயர், நடுவுல டிஃபரன்ஷியல் மட்டும் தெரியுது, ஆக்ஸில் ட்யூப்னு ஒண்ணு இருக்கறதே கஷ்டப்பட்டு பாத்தாதான் தெரியும், அவ்ளோ குட்டை. ஓனரு வயசானவரு, என் மூஞ்சிய பாத்துட்டு ஒரு மடக்கு நாற்காலிய எடுத்து போட்டு உக்கார வச்சு சொன்னாரு, "எல்லாரும் வண்டிய வாங்கிட்டு டயர் தேடுவாங்க, நான் டயர வாங்கி கேரேஜ்ல உருட்டி வச்சிட்டு, அத சுத்தி வண்டிய கட்டினேன்". அதுக்கப்புறம் நான் கைவச்ச ஒவ்வொரு வண்டிலயும் அது உண்மைனு பாத்துட்டேன். சேஸிஸ், ஆக்ஸில், பெட்ரோல் டேங்க், சைலன்சர் குழாய், பின்னாடி சாமான் ஏத்தற தொட்டி, எல்லாத்தோட அளவையும் அந்த டயர்தான் முடிவு பண்ணும்.

கார்பண்டேல் காக்கா:

அருமையான திரி அண்ணே. நான் தெற்கு இல்லினாய்ல இருக்கேன், இங்கேர்ந்து டூ குவோயின் பக்கம்தான். சின்ன ஊரு, ஆனா 1986லேர்ந்து அங்க ஸ்ட்ரீட் மெஷின் நேஷனல்ஸ் நடந்துச்சு, நடுவுல நின்னு போயி 2013ல திரும்ப வந்துச்சு. ப்ரோ ஸ்ட்ரீட்டுக்கு அது கோயில் திருவிழா தான்.

கொஞ்சம் வரலாறும் சொல்லிடறேன். அமெரிக்க டிராக் ரேஸ் நடத்தற சங்கம் என்ஹெச்ஆர்ஏ 1970ல ப்ரோ ஸ்டாக்னு ஒரு ரேஸ் பிரிவு கொண்டுவந்தாங்க, ஷோரூம் கார் மாதிரியே இருக்கும் ஆனா பின்னாடி கோடு வெட்டு இல்லாத வழுவழு ஸ்லிக் டயர், பெருசா. அந்த ஒடம்பு வாகு பிடிச்சுப்போய் 70கள் கடைசில ரோட்டு வண்டிலயும் செய்ய ஆரம்பிச்சாங்க. ஒஹாயோக்காரரு ஸ்காட் சல்லிவனோட 1967 நோவா அதுக்கு பெரிய முன்னோடி. அப்புறம் 80கள்ல போட்டி முத்திப்போச்சு, ரிக் டாபர்ட்டின்னு ஒருத்தரு ஒரு போண்டியாக் ஜே2000ல ரெண்டு டர்போ, மேல சூப்பர்சார்ஜர், அதோட நைட்ரஸ்னு பவர் ஏத்தற எல்லாத்தையும் ஒரே இஞ்சின்ல ஏத்தினாரு. வேலைப்பாடு பாத்தா கண்ணு விரியும், ஆனா அந்த பாதைல போன நிறைய வண்டி ட்ரெய்லர்ல வந்து ட்ரெய்லர்ல போச்சு. எனக்கு அதுல மனசு ஒட்டல. ஓட்டாத வண்டிக்கு ஹாரன் எதுக்கு?

பிக்கப் ஆளுங்கள எனக்கு பிடிக்க காரணமே அதான், ஓட்டிட்டு வருவாங்க. நான் பாத்ததுல மறக்க முடியாதது ஒரு 1956 ஃபோர்ட் எஃப்-100. அந்த காலத்து வண்டில தொட்டி ஒடுக்கமா இருக்கும், ஃபெண்டர் தனியா வெளிய ஒட்டியிருக்கும், அதனால அகல டயர் உள்ள போகணும்னா ஃபெண்டர வெளிய இழுக்கணும், இல்லனா தொட்டிய வெட்டணும். இவரு ஃபெண்டர்ல கை வைக்கவே இல்ல. தொட்டிக்கு அடில ஓக் மரப்பலகை, பலகைக்கு நடுவுல ஸ்டெயின்லெஸ் பட்டை, அதுல டயர் மூடற டப் எந்த எடத்துல ஏறுதோ அந்த வளைவுக்கு ஏத்த மாதிரி ஒவ்வொரு பலகையா இழைச்சு பொருத்தியிருந்தாரு. நான் நகத்த வச்சு பாத்தேன், மரத்துக்கும் இரும்புக்கும் நடுவுல எல்லா பக்கமும் ஒரே அளவு இடைவெளி. ரிட்டயர் ஆன தச்சராம். கைய எடுக்க மனசே வரல.

மிச்சிகன் அக்கா:

நான் டெட்ராய்ட் பக்கம், வேலையும் வண்டி டெஸ்டிங்தான். எங்க ஊர்ல ஆகஸ்ட்ல உட்வர்ட் ரோட்டுல ட்ரீம் க்ரூஸ்னு வண்டிங்க ஊர்வலம் நடக்கும், 1995லேர்ந்து. கூட வேலை செய்யற ஒருத்தரோட சி10ல, 454 பிக் ப்ளாக்னு பெரிய வி8 இஞ்சின், பக்கத்து சீட்டுல உக்காந்து அந்த ரோட்டுல போயிருக்கேன். மொதல் விஷயம், அந்த டயர் நேரா போகாது. பயஸ் ப்ளை டயர், அதாவது உள்ள நூல் அடுக்கு குறுக்கு மறுக்கா போற பழைய வகை, ரோட்டுல லாரி போயி பள்ளம் விழுந்த தடம் இருக்கும்ல, அத பிடிச்சுக்கிட்டு அது போற பக்கமே வண்டிய இழுக்கும், ஸ்டீரிங்க லேசா திருப்பிக்கிட்டே இருக்கணும். ராத்திரி முழுக்க நின்னுச்சுன்னா கீழ தட்டையாயிடும், காலைல மொதல் கொஞ்ச தூரம் தட தடன்னு அடிக்கும், சூடானதும் சரியாயிடும். ரேடியல்லயும் இப்ப அகல டயர் வருது, ரோட்டுல நிறைய ஓட்டறவங்க அத பாருங்க, ஆனா முன்னாடி ஒரு வகை பின்னாடி ஒரு வகைனு கலக்கறதுக்கு முன்னாடி டயர் கம்பெனி என்ன சொல்லுதுன்னு கண்டிப்பா படிங்க.

திரும்பி வரும்போது மழை. அப்பதான் பயந்தேன். காரணம் புரிஞ்சுக்கங்க. டயர் எவ்ளோ அகலமோ அவ்ளோ தண்ணிய அது பக்கத்துல தள்ளணும், அகலம் ஜாஸ்தினா தண்ணி வெளியேற தூரமும் ஜாஸ்தி. மேல இந்த டயர்ல காத்தும் கம்மியாதான் வைப்பாங்க, காத்து கம்மியானா இன்னும் கம்மி வேகத்துலயே டயர் தண்ணிக்கு மேல மிதக்க ஆரம்பிச்சிடும். அதோட பிக்கப்ல இஞ்சின் கேபின் எல்லாம் முன்னாடி, பின்னாடி வெறும் தொட்டி, வெயிட்டே இல்ல. சிக்னல்ல லேசா ஆக்ஸிலரேட்டர தொட்டாரு, வண்டி பின்பக்கம் நேரா ஓரத்துக்கு நடந்து போன மாதிரி நகந்துச்சு. சத்தம் கூட இல்ல. அடுத்த பெட்ரோல் பங்க் கூரைக்கு கீழ நிறுத்திட்டு மழை விடற வரைக்கும் நின்னோம், அவரு பண்ணினது சரியான வேலை. மழைனா ஓட்டாதீங்க, அவ்ளோதான்.

ஸ்கூல்ல உராய்வு பரப்பளவ பொறுத்தது இல்லன்னு படிச்சோம்ல, ரப்பருக்கு அது அப்டியே பொருந்தாது. ஒரே எடைய பெரிய பரப்புல பரப்பினா ரப்பர் நல்லா பிடிக்கும், மெத்துன்னு இருக்கற ரப்பர் கலவையும் போட முடியும், சீக்கிரம் சூடாகி கிழியாது. ஆனா முழு அகலமும் ரோட்ட தொட்டாதான் பிரயோஜனம். அதுக்கு சாக்பீஸ் எடுத்து டயர் குறுக்க ஒரு கோடு போட்டு கொஞ்ச தூரம் நேரா ஓட்டிப் பாருங்க. நடுவுல மட்டும் அழிஞ்சா காத்து ஜாஸ்தி, ஓரத்துல மட்டும் அழிஞ்சா கம்மி. கோடு முழுசா ஒரே மாதிரி அழியற வரைக்கும் அட்ஜஸ்ட் பண்ணணும்.

டல்லாஸ் தம்பி:

அண்ணே, அக்கா, எனக்கு ஒரு சந்தேகம். என்கிட்ட 1994 செவ்ரொலே எஸ்10, சின்ன பிக்கப், இருக்கு, 4.3 வி6. இதுல பண்ணலாமா? நண்பர்கள் எல்லாம் சி10 வாங்குன்னு சொல்றாங்க, ஆனா அது விலை எங்கயோ போயிடுச்சு. எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

ஹூஸ்டன் வெல்டர்:

தம்பி, தாராளமா பண்ணலாம், எஸ்10 ரொம்ப நல்ல வண்டி இதுக்கு. என்ஹெச்ஆர்ஏவே 1998லேர்ந்து 2000 வரைக்கும் ப்ரோ ஸ்டாக் ட்ரக்னு இந்த மாதிரி சின்ன பிக்கப்புக்குனே ஒரு பிரிவு நடத்தினாங்க. உன் 4.3 இஞ்சினே செவ்ரொலே 350 வி8ல ரெண்டு சிலிண்டர் கழிச்ச மாதிரிதான், அதனால வி8 உக்கார அந்த வண்டில எடம் இருக்கு, பழைய டிரக்லேர்ந்து 5.3 லிட்டர் வி8 கூட எடுத்து போடலாம். ஆனா இஞ்சின அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல பின்பக்கம்.

டயரும் ரிம்மும் கைக்கு வரணும், அதுதான் ஆரம்பம். டயர்ல அச்சடிச்ச அகலத்த நம்பாத, ரிம் அகலம் மாறினா வயிறு மாறும், ரிம்ல மாட்டி காத்தடிச்சு வயிறு எங்க ரொம்ப புடைக்குதோ அங்க அள. அப்புறம் வண்டிய ஓடற உயரத்துல ஸ்டாண்ட்ல நிறுத்தி மட்டம் பாத்து, தொட்டிய கழட்டி சேஸிஸ் பின்பக்கத்த வெட்டி, 2க்கு 3 இன்ச் செவ்வகக் குழாய்ல உள்பக்கமா ஒடுக்கி புது சேஸிஸ் போடுவாங்க, பேக் ஹாஃப்னு சொல்றது அதான். டயர் வயிறுக்கும் ஃபெண்டருக்கும், அந்தப் பக்கம் சேஸிஸுக்கும் ஒரு இன்ச்சாவது இடைவெளி விடு, வளைவுல டயர் சாயும், அப்ப உரசினா டயர் பக்கச்சுவர் அறுந்துடும்.

டயர எடத்துல நிறுத்தினப்புறம் ரெண்டு ரிம்மும் ஆக்ஸில்ல உக்கார்ற முகத்துக்கு நடுவுல அளந்தா, அதுதான் உன் ஆக்ஸில் அகலம். ஆக்ஸிலுக்கு நான் ஃபோர்ட் 9 இன்ச்தான் சொல்வேன், செவ்ரொலே வண்டில ஃபோர்டானு யோசிக்காத. எஸ்10ல வர்ற ஆக்ஸில் உள்பக்கம் ஒரு சி வடிவ கிளிப்ல நிக்குது, ஆக்ஸில் ஒடைஞ்சா டயரோட சேந்து வெளிய வந்துடும். ஃபோர்ட்ல வெளிப்பக்கம் பேரிங்கிட்டயே பூட்டியிருக்கும்.

ஆக்ஸில அந்த அகலத்துக்கு ஒடுக்கற வேலைய நான் கூட நின்னு செஞ்சிருக்கேன், அதுல எனக்கு இருக்கற பிரியம் வேற எதுலயும் இல்ல. ஹவுசிங், அதாவது ஆக்ஸில் உள்ள இருக்கற இரும்புக் கூடு, அதோட ரெண்டு முனையையும் வெட்டிட்டு, நடுவுல நீளமா ஒரு உருட்டு இரும்பு, அத தாங்க பேரிங் உக்கார்ற எடத்துலல்லாம் வட்டத்தட்டு. புது முனைய அந்த இரும்பு மேல ஏத்தி நாலு எடத்துல புள்ளி வெல்டு வச்சு, அப்புறம் ஒரு இன்ச் இங்க ஒரு இன்ச் எதிர்பக்கம்னு மாத்தி மாத்தி வெல்டு. ஒரே இழுப்புல சுத்தினா சூடு ஒரு பக்கம் இழுத்து ட்யூப் வளைஞ்சிடும். முழுசா ஆறினப்புறம் அந்த இரும்ப ரெண்டு விரலால தள்ளினா வழுக்கிக்கிட்டு வெளிய வரணும். சுத்தியல் கேட்டுச்சுன்னா ஹவுசிங் நேரா இல்லன்னு அர்த்தம், பேரிங்கும் சீலும் சீக்கிரம் போயிடும். உள்ள போற ஆக்ஸில் ராட புதுசாவே வாங்கு, 31 அல்லது 35 ஸ்ப்ளைன் (முனைல இருக்கற பல்லு). பழசுல நிறைய ராடு பல்லு முடிஞ்சதும் மெலியும், அத வெட்டி குறைச்சு திரும்ப பல்லு வெட்ட முடியாது.

ஆக்ஸில சேஸிஸோட பிடிச்சு வைக்கற கம்பிங்க லேடர் பாரா ஃபோர் லிங்க்கானு கேப்ப. நேரா ஓட்டறதுக்கு லேடர் பார் சுலபம், செலவும் கம்மி, ஆனா மேடு பள்ளத்துல ஒரு சக்கரம் மட்டும் ஏறினா மல்லுக்கட்டும். நீ தினம் ரோட்டுல போகணும்னு நெனச்சா ஃபோர் லிங்க்.

கார்பண்டேல் காக்கா:

தம்பி, சைலன்சர் குழாயையும் யோசிச்சுக்க. இந்த டயர் போட்டா பின்னாடி வரைக்கும் கொண்டுபோக எடமே இருக்காது, நிறைய பேரு டயருக்கு முன்னாடியே பக்கவாட்டுல வெளிய விட்டுடறாங்க, கதவு பக்கத்துல இரைச்சல் கேக்கும். சி10காரங்களுக்கு இன்னொண்ணு, 1967லேர்ந்து 72 வரைக்கும் பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு பின்னாடி கேபினுக்குள்ளயே இருக்கும், அத எடுத்து தொட்டிக்கு அடில கொண்டுபோங்க, பாதுகாப்பும் ஆச்சு, பின்னாடி வெயிட்டும் ஆச்சு.

கோவை மெக்கானிக்:

இதெல்லாம் படிக்கறப்ப இங்கயும் ஒரு பொலேரோ பிக்கப்ல பண்ணலாம்னு தோணுது, ஆனா மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி சேஸிஸ வெட்டி மாத்தக் கூடாது, ஆர்சிக்கே ஆபத்து. நீங்க எழுதுங்க, நாங்க படிச்சுக்கறோம். ஒரு கேள்வி, இவ்ளோ அகல டயர் போட்டப்புறம் தொட்டில சாமான் ஏத்துவாங்களா?

ஹூஸ்டன் வெல்டர்:

நல்ல கேள்விங்க. கான்ரோ ஆளுகிட்ட நானும் கேட்டேன். டப் ரெண்டும் உள்ள வந்துட்டதால நடுவுல ஒரு ஒடுக்கமான எடம்தான் மிச்சம், ஆனா அவரு அதுலதான் மடக்கு நாற்காலி, ஐஸ் பொட்டி, டூல் பாக்ஸ் எல்லாம் போட்டுட்டு வந்திருந்தாரு. பாரம் ஏத்தற வண்டியா அது இனி இல்ல, அத ஏத்துக்கிட்டுதான் கட்டணும்.

மிச்சிகன் அக்கா:

ஸ்டெப்னியும் வராது தம்பி. பின் டயர் அளவுக்கு ஸ்டெப்னி வைக்க தொட்டிலயே எடம் பத்தாது, முன் டயர் பின்னாடி பொருந்தாது. பிளக் கிட்டும் சின்ன ஏர் கம்ப்ரஸரும் எப்பவும் வண்டில வச்சுக்க, கயிறு கட்டி இழுக்காம முழு வண்டியையும் மேல ஏத்திக்கிட்டு போற டோ வண்டி வரணும்னு இன்சூரன்ஸ்ல இப்பவே பேசி வச்சுடு. டயர் வாங்கிட்டு அளவ இங்க போடு, ரிம் பேக்ஸ்பேஸ், அதாவது ரிம்மோட உள் ஓரத்துலேர்ந்து ஆக்ஸில்ல உக்கார்ற முகம் வரைக்கும் தூரம், எவ்ளோ வேணும்னு சேந்து கணக்கு போட்டு பாத்துடலாம்.